கேஸ் லீக் நாத்தம் எனக்கு வருது, அம்மாவுக்கு வரல. மூக்குக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

தாழையூத்து_மீனா:

எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. போன வாரம் லீவுக்கு ஊருக்கு போயிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு வாசக்கதவ தொறந்து கால உள்ள வச்சதும் குப்புனு கேஸ் நாத்தம். அடுப்படில அம்மா பாட்டுக்கு உக்காந்து கீரை ஆஞ்சிட்டு இருக்காங்க, ரெண்டடி தள்ளி சிலிண்டர், ரப்பர் டியூப் ரெகுலேட்டர்கிட்ட வெடிப்பு விட்டு லேசா உஸ்ஸுனு சத்தம் வேற. நான் ஓடிப்போய் ரெகுலேட்டர மூடி, சன்னல் கதவெல்லாம் தொறந்து விட்டு, ஸ்விட்ச் எதுலயும் கைய வைக்காதீங்கன்னு கத்துறேன், அம்மா நிமிந்து பாத்து சாவகாசமா கேக்குறாங்க, "எதுக்குட்டி இந்தப் பதறு பதறுத, எனக்கு ஒண்ணும் வரலியே"ன்னு.

சளி இல்ல, மூக்கடைப்பு இல்ல. "என் மூக்கு நல்லாதான் இருக்கு, தைலம் தேச்சா சுள்ளுனு ஏறுதே"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வராங்க. ரசத்துல ரெண்டு மூணு மாசமா பெருங்காயம் தூக்கலா விழுதுன்னு அப்பா மொணங்குனது இப்பதான் எனக்கு உறைக்குது.

அன்னைக்கு தூக்கமே வரல, விடிய விடிய ஃபோன்ல தேடி படிச்சேன். நான் காமர்ஸ் படிச்சவ, பாதி புரியல. ஸ்கூல்ல பூட்டு சாவின்னு சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கு, ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு பூட்டு மூக்குல இருக்காம். அப்படின்னா உலகத்துல உள்ள வாசனை எத்தனை, அத்தனை பூட்டுமா இந்த துக்கூண்டு மூக்குக்குள்ள இருக்கு? புதுசா ஒரு செண்டு கண்டுபிடிச்சா அதுக்கு பூட்டு எங்கருந்து வரும்? அம்மாவுக்கு அந்த கேஸ் பூட்டு மட்டும் துருப்பிடிச்சு போச்சா இல்ல மொத்த மூக்குமேவா? எங்க வீட்டு நாய் அன்னைக்கு வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள வரமாட்டேன்னு அடம் புடிச்சது, அதுக்கு மட்டும் என்ன ஸ்பெஷலா வச்சிருக்கு? தெரிஞ்சவங்க பயமுறுத்தாம சொல்லுங்க.


ஒற்றை_நியூரான்:

மீனாக்கா, நல்ல வேளை அன்னைக்கு நீங்க ஊருக்கு போனீங்க. நான் எலி மூக்க வச்சு ஆறு வருஷம் ஓட்டுனவன், பிஎச்டி முடிச்ச பிறகும் கனவுல எலிதான் வருது, இந்த கேள்விய பாத்துட்டு சும்மா போக முடியல. நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல ஒண்ணு, நீங்க மோந்தது கேஸையே இல்ல. சமையல் கேஸ்ங்கிறது புரோப்பேனும் பியூட்டேனும், ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வாசனை கிடையாது. லீக் ஆனா தெரியணும்னே எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தக சரக்க துளியூண்டு கலந்து விடுறாங்க. நூறு கோடி காத்து மூலக்கூறுக்கு நடுவுல இது ஒண்ணு இருந்தாலே நல்ல மூக்கு புடிச்சிரும், அவ்வளவு ஷார்ப்பு.

அந்த ஒண்ணு உள்ள போய் என்ன பண்ணுதுன்னா, மூக்கோட உச்சாணில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ளாற, தபால்தலை சைஸ்ல பக்கத்துக்கு ஒரு திட்டு இருக்கு. அதுல லட்சக்கணக்கான நியூரான், அதாவது நரம்பு செல். நியூரான்னா மண்டை ஓட்டுக்குள்ள பத்திரமா இருக்கும்னு நாம நெனைக்கிறோம்ல, இதுங்க அப்படி இல்ல, காத்த பாத்து தலைய நீட்டிட்டு இருக்கும், நடுவுல ஒரு சளிப்படலம் மட்டும்தான். அந்த தலையில மயிர் மாதிரி இழைகள், இழை மேல ரிசெப்டர்ங்கிற புரோட்டீன். செல்லோட தோல ஊசி நூல் மாதிரி உள்ள வெளியன்னு ஏழு தடவ கோத்து நிக்கும். பிபிக்கு அட்டெனலால் போடுவாங்கள்ல, அந்த மாத்திரை போய் ஒக்கார்ற ரிசெப்டரும் இதே பெரிய குடும்பம்தான்.

மெர்காப்டன் சளில கரைஞ்சு ரிசெப்டர்ல போய் ஒட்டுனதும் ரிசெப்டர் லேசா ஒடம்ப நெளிக்கும், அவ்வளவுதான் அது செய்யிற வேலை. உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஜி-புரோட்டீன் ஒண்ணு உசுப்பப்படும், இதுக்கு பேரே கோல்ஃப், மைதானத்துல ஆடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, மோப்பத்துக்கான லத்தீன் வார்த்தையோட மொத ரெண்டு மூணு எழுத்து அது. அது போய் ஒரு என்சைம தட்டி எழுப்ப, என்சைம் சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு சின்ன மூலக்கூற மடமடன்னு தயாரிக்க, அது போய் செல் சுவத்துல உள்ள சேனல்ங்கிற கதவுகள தொறக்க, வெளிய இருந்து சோடியமும் கால்சியமும் உள்ள பாயும். ஒரே ஒரு தட்டலுக்கு இவ்வளவு கூட்டம் கூடுதுங்கிறதாலதான் துளியூண்டு சரக்கும் நமக்கு தெரியுது.

இதுக்கு அப்புறம் வர்றதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். உள்ள வந்த கால்சியம் போய் இன்னொரு சேனல தொறக்கும், அது குளோரைடு சேனல். சாதாரண நியூரான்ல குளோரைடு சேனல் தொறந்தா ஆள் அடங்கிருவான். இங்க உல்டா. இந்த நியூரான் குளோரைட முன்கூட்டியே உள்ள பதுக்கி வச்சிருக்கும், கதவு தொறந்ததும் நெகட்டிவ் சரக்கு வெளிய ஓட, உள்ள பாசிட்டிவ் ஏற, சிக்னல் இன்னும் பெருசாகும். எவ்வளவு அழகான ஏற்பாடுன்னு நாங்கெல்லாம் பாடம் எடுத்துட்டு இருந்தோம், 2011ல ஒரு குரூப் அந்த குளோரைடு சேனலோட ஜீனையே எலியில எடுத்துட்டு பாத்தா எலி பாட்டுக்கு நல்லா மோந்துட்டு திரியுது. பிறகு வேற சோதனைகள்ல மெல்லிசா வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா நாங்க அடிச்ச பில்டப்புக்கு அது பத்தாது.

சரி, பூட்டு எத்தனைங்கிற கேள்வி. இதுக்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ரெண்டு பேருக்கும் 2004ல நோபல் குடுத்தாங்க, வேலை நடந்தது கொலம்பியா யுனிவர்சிட்டில, பேப்பர் வந்தது 1991ல. லிண்டா பக் செஞ்சது என்னன்னா, எலி மூக்கு திட்டுல மட்டும் வேலை செய்யிற, இந்த ஏழு-தடவ-கோத்த குடும்பத்து ஜீன்கள பிசிஆர்ங்கிற டிஎன்ஏ நகல் எடுக்கிற முறையில பெருக்கி, வந்த டிஎன்ஏ பேண்ட, அதாவது ஒரே நீளத்து டிஎன்ஏ சேந்த பட்டைய எடுத்து என்சைம்ல வெட்டி துண்டுகள அளந்தாங்க. ஒரு பேண்ட்ல மட்டும் துண்டுகளோட நீளத்த கூட்டுனா அசல விட எக்கச்சக்கமா வருது. ஒரு முழம் பூவ நறுக்கி அளந்து பாத்தா அஞ்சு முழம் வருதுன்னா என்ன அர்த்தம்? அது ஒரு சரம் இல்ல, ஒரே நீளத்துல பல சரம் ஒண்ணு மேல ஒண்ணா கெடந்திருக்கு. அப்படித்தான் ஒரு பெரிய கூட்டமே மாட்டுச்சு. மொத பேப்பர்ல 18 ஜீன் காட்டுனாங்க. இப்ப கணக்குக்கு சுண்டெலிக்கு ஏறக்குறைய 1100, நாய்க்கு 800 பக்கம், நமக்கு வேலை செய்யிறது 400 சொச்சம், அதுக்கு சமமா செத்துப்போன ஜீன்களும் நம்ம டிஎன்ஏல கெடக்கு, பூட்டுன வீடு மாதிரி. ஆப்பிரிக்க யானைக்கு 2000 கிட்ட, 2014ல எண்ணி சொன்னாங்க. டால்ஃபினுக்கு கிட்டத்தட்ட மோப்பமே இல்ல, தண்ணிக்கு திரும்பி போனவன் மூக்க கழட்டி கரையில வச்சுட்டு போயிட்டான்.

400 வச்சுக்கிட்டு எப்படி இத்தனை வாசனைன்னா, ஒரு வாசனைக்கு ஒரு பூட்டுங்கிறதே தப்பு. ஒரு மூலக்கூறு பல ரிசெப்டர தட்டும், ஒரு ரிசெப்டர் பல மூலக்கூறுக்கு அசையும். 1999ல பக் லேப்ல இருந்து வந்த பேப்பர் இத நியூரான் நியூரானா காட்டுச்சு. கோலப்புள்ளி மாதிரி நெனச்சுக்கோங்க அக்கா. வாசல்ல 400 புள்ளி வச்சாச்சு, புள்ளி மாறாது. எந்த எந்த புள்ளிய சேத்து இழுக்குறோம்ங்கிறதுல தாமரை வரும், தேர் வரும். நாளைக்கு லேப்ல ஒருத்தன் உலகத்துலயே இல்லாத ஒரு செண்டு பண்ணுனாலும் அது அதே புள்ளிகள்ல ஏதோ சிலத தொட்டுட்டு புதுசா ஒரு கோலம் போட்டுரும், புதுப் பூட்டு வேண்டியதே இல்ல.

அந்த கோலம் கலையாம மேல போறதுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு நியூரான் அந்த நூத்துக்கணக்கான ஜீன்ல ஒண்ணே ஒண்ணத்தான் எடுத்துக்கும், அதுலயும் அம்மா குடுத்த காப்பியா அப்பா குடுத்த காப்பியா, ரெண்டுல ஒண்ணுதான். மிச்சத்த எல்லாம் சுருட்டி பூட்டி வச்சிரும். என் ஐடிக்கு பேரு வந்ததே இப்படித்தான். ஒரே ரிசெப்டர் வச்சிருக்கிற ஆயிரக்கணக்கான நியூரானும் திட்டு பூரா செதறி கெடந்தாலும், அதுங்க வயர் மட்டும் மூக்குக்கு மேல உள்ள சல்லடை எலும்போட ஓட்டை வழியா ஏறி மூளையோட மோப்ப குமிழ்ல ஒண்ணு ரெண்டு உருண்டையில போய் ஒண்ணா சேரும். சென்ட்ரல்ல எறங்குன ஆயிரம் பேர்ல ஒரே ஊர்க்காரன் எல்லாம் விசாரிக்காமலே ஒரே மேன்ஷனுக்கு போய் சேந்த கதை. அது எப்படி வழி கண்டுபுடிக்குதுங்கிறத வச்சே நாலு பேரு பிஎச்டி முடிச்சாச்சு.

இப்ப அம்மா விஷயம். மெர்காப்டனுக்கு மனுஷ மூக்குல நல்லா அசையிற ரிசெப்டர் ஒண்ணு தெரியும், ஓஆர்2டி11னு பேரு, 2016ல வந்தது. அதுல வேடிக்கை, கூடவே செம்பு அயான் இருந்தாத்தான் அது தூக்கலா வேலை செய்யுது, கந்தகத்துக்கும் செம்புக்கும் உள்ள பழைய ஒட்டுறவு. ஒரு ரிசெப்டர் ஜீன்ல எழுத்து மாறுனா அந்த ஒரு வாசனை மட்டும் மங்குறது நடக்கும், கொத்தமல்லி தழை சிலருக்கு சோப்பு மாதிரி நாறுறதுக்குக்கூட ஓஆர்6ஏ2ன்னு ஒரு ரிசெப்டர் பக்கம் கைகாட்டுறாங்க. ஆனா அது பொறந்ததுல இருந்தே இருக்கும். உங்கம்மாவுக்கு ரெண்டு மூணு மாசமா பெருங்காயமும் தெரியலன்னா எனக்கு அது ஒத்த பூட்டு கதையா படல. கோவிட், வேற வைரஸ் காய்ச்சல், தலையில அடி, வயசு, இதுல எதுவும் சமீபத்துல உண்டா?


குவாண்டம்_குமரேசன்:

ஒற்றை ப்ரோ நல்லா எழுதிருக்கீங்க ஆனா இந்த வடிவம் பொருந்துறது ஒட்டுறது எல்லாம் பழைய கதை ப்ரோ. மூக்கு மூலக்கூறோட அதிர்வதான் கேக்குது, காது மாதிரி. லூகா டூரின்னு ஒரு விஞ்ஞானி 1996லயே சொல்லிட்டாரு, ரிசெப்டருக்குள்ள எலக்ட்ரான் சுவத்த தாண்டி குதிக்குது, மூலக்கூறு சரியான ஃப்ரீக்வென்சில அதிர்ந்தாத்தான் குதிக்கும். மேடம் சொன்ன கேஸ் நாத்தத்துக்கே ப்ரூஃப் இருக்கு, கந்தகம்-ஹைட்ரஜன் பாண்டோட, அதாவது பிணைப்போட அதிர்வும் போரான்-ஹைட்ரஜன் அதிர்வும் பக்கத்து பக்கத்துல வருது, போரான் சரக்குலயும் கந்தக நாத்தம் வருதாம், ஆனா வடிவம் வேற வேற. இதுக்கு உங்க பூட்டு சாவி என்ன பதில் சொல்லும்???


ஒற்றை_நியூரான்:

குமரேசன் ப்ரோ, இந்த தியரிய நானும் காலேஜ்ல காதலிச்சேன், அதனால திட்ட மனசு வரல. கேக்க அவ்வளவு நல்லா இருக்கும். ஆனா சோதிக்கிற வழி சுலபம். மூலக்கூறுல உள்ள ஹைட்ரஜன எடுத்துட்டு டியூட்டீரியம்ங்கிற கனமான ஹைட்ரஜன போட்டா வடிவம் அப்படியே இருக்கும், வெயிட் ஏறுறதால அதிர்வு மட்டும் மாறும். அதிர்வுதான் கணக்குன்னா ரிசெப்டர் வித்தியாசம் காட்டணும். 2015ல கஸ்தூரி வாசனைய புடிக்கிற ஓஆர்5ஏஎன்1ங்கிற மனுஷ ரிசெப்டர்லயும், எலியோட ஒரு கந்தக ரிசெப்டர்லயும் செஞ்சு பாத்தாங்க, ரெண்டும் சாதாரண சரக்குக்கும் டியூட்டீரியம் சரக்குக்கும் ஒரே மாதிரிதான் அசைஞ்சுது. 2004லயே மனுஷங்கள மோக்க விட்டும் பாத்தாச்சு, வித்தியாசம் தெரியல.

வீட்லயே செய்யக்கூடிய ஒண்ணு சொல்றேன். நாட்டு மருந்து கடையில சதகுப்பை கேளுங்க, அஞ்சு பத்து ரூபாய்க்கு பொட்டலம் கட்டி தருவான். ஸ்பியர்மின்ட் சூயிங்கம் ஒண்ணு வாங்குங்க. சதகுப்பைய நுணுக்கி மோந்துட்டு சூயிங்கத்த மோங்க. ஒண்ணு சோம்பு-சீரகம் பக்கத்துல நிக்கிற மசாலா வாசம், இன்னொண்ணு ஜில்லுனு புதினா. ரெண்டுலயும் முக்கியமான சரக்கு கார்வோன்தான். அதே அணுக்கள், அதே பாண்டுகள், அதே அதிர்வு. ஒண்ணு இடது கை, ஒண்ணு வலது கை, கண்ணாடி பிம்பம், அவ்வளவுதான். கை மாறுனதுக்கே வாசனை மாறுதுன்னா உள்ள ஏதோ ஒண்ணு கைய புடிச்சு பாக்குதுன்னுதான அர்த்தம்? எல்லா கண்ணாடி ஜோடிக்கும் இப்படி மாறாது, சிலது ரெண்டும் ஒண்ணாவே இருக்கும், அதுவும் உண்மை.

இன்னொண்ணு, 2023ல முதல் தடவையா ஒரு மனுஷ மோப்ப ரிசெப்டர படம் புடிச்சாங்க, உறைய வச்சு படம் எடுக்கிற கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல, வாசனை மூலக்கூறு உள்ள ஒக்காந்திருக்கிற நெலமையிலயே. ஓஆர்51ஈ2ன்னு பேரு, உள்ள இருந்தது புரோப்பியானேட்டு, புளிச்ச சீஸ் வாடை அடிக்கிற சரக்கு. குட்டியூண்டு பொந்து, அதுல புரோப்பியானேட்டு சிக்குனு ஒக்காந்திருக்கு. அந்த பொந்த கொஞ்சம் பெருசு பண்ற மாதிரி அமினோ அமிலத்த மாத்துனா இன்னும் நீளமான கொழுப்பு அமிலமும் உள்ள போகுது. பக் ஜீன கண்டுபுடிச்சு 32 வருஷம் கழிச்சுத்தான் இந்த படமே கெடைச்சுது, இந்த புரோட்டீன செல்லுக்கு வெளிய தயாரிச்சு நிறுத்தி வைக்கிறது அவ்வளவு பாடு. என் வயசுல ரெண்டு வருஷம் அதுலயே போச்சு, அத பத்தி பேசுனா இன்னைக்கு சோறு எறங்காது.


கோமாரி_டாக்டர்:

மீனா அம்மா கேட்ட நாய் மேட்டருக்கு நான் வரேன். கொங்கு பக்கம் கால்நடை மருத்துவர், ஆடு மாடு நாய் எல்லாம் பாப்பேன், ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு.

ஜீன் எண்ணிக்கைய மட்டும் வச்சு நாய எடை போடாதீங்க, அப்புறம் நாய விட எலிதான் கெட்டின்னு ஆயிரும். நாய்க்கு மோப்ப திட்டோட பரப்பளவே எக்கச்சக்கம், உள்ள எலும்பு சுருள் சுருளா மடிச்சு வச்ச காகிதம் மாதிரி இருக்கும். நாய் மூக்கு நுனிய பக்கவாட்டுல பாருங்க, ஒரு கீறல் இருக்கும். மூச்சு விடும்போது காத்து அது வழியா பக்கத்துல பின்னால போகும், முன்னால இருக்கிற வாசனைய ஊதி கலைக்காது. நாம விடுற மூச்சு நேரா எதுத்தாப்புல போய் எல்லாத்தையும் தள்ளிவிட்ரும். ஆனா மனுஷன் மூக்கு மட்டம்னு சொல்றதுலயும் எனக்கு உடன்பாடு இல்ல, மழைக்கு முன்னால வர்ற மண்வாசனைக்கு காரணமான ஜியோஸ்மின் இருக்கே, அத நம்ம மூக்கு புடிக்கிற லெவலுக்கு மெஷினே முக்கும்.

தம்பி ஒற்றை ஒரு மூக்க பத்தித்தான் எழுதியிருக்காரு, முதுகெலும்பு உள்ளதுகள்ல நெறய பேருக்கு ரெண்டாவது மூக்கு ஒண்ணு இருக்கு. காளைய பாத்திருப்பீங்க, பசு மூத்திரத்த மோந்துட்டு தலைய மேல தூக்கி மேலுதட்ட சுருட்டி முன்பல்லே இல்லாத மேல்தாடைய காட்டிக்கிட்டு, என்னமோ கெட்ட ஜோக்க கேட்டவன் மாதிரி அரை நிமிஷம் நிக்கும். எங்க ஊர் பக்கம் பசங்க "காளை சிரிக்குது"ன்னுவானுங்க. சிரிப்பு இல்ல, மேல் அண்ணத்துல முன்னாடி ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு, அது வழியா மூத்திரத்துல உள்ள சரக்க ஜேக்கப்சன் உறுப்புங்கிற அந்த ரெண்டாவது மூக்குக்கு ஏத்துது. பசு பருவத்துல இருக்கா இல்லியான்னு டெஸ்ட் பாக்குது, நாங்க லேப்ல பாக்குறத அது ஓசியில பாக்குது. பாம்பு நாக்க நீட்டி நீட்டி இழுக்குறதும் அதுக்குத்தான், நாக்குல மோப்பம் கிடையாது, அது வெறும் கூரியர், சரக்க கொண்டாந்து அதே உறுப்புல எறக்கி வச்சிட்டு போகும். அங்க உள்ள ரிசெப்டர் வேற குடும்பம், வேற சேனல். அந்த சேனலோட ஜீன் நமக்கு செத்தே போச்சு, அதனால நமக்கு இந்த யோகம் இல்ல.

யானையில ஒரு விஷயம் படிச்சதுல இருந்து எனக்கு மறக்கவே மாட்டேங்குது. நம்ம ஆசிய யானை, பொட்டை யானை ஈடுக்கு தயாராகும்போது மூத்திரத்துல ஒரு சரக்கு விடும், டோடெசினைல் அசிடேட்னு. 1996ல கண்டுபுடிச்சாங்க. ஆண் யானை தும்பிக்க நுனியால தொட்டு அப்படியே வாய்க்குள்ள அண்ணத்துல வைக்கும். அதே மூலக்கூற, அச்சு அசலா அதே மூலக்கூற, நூத்துக்கும் மேல பூச்சி இனங்க, முக்காவாசி விட்டில் பூச்சி, ஆணை கூப்புட வச்சிருக்கு! நாலு டன் யானையும் நகத்து சைஸ் விட்டிலும் ஒரே செண்டு. இத்தனைக்கும் பூச்சியோட ரிசெப்டருக்கும் நம்மளோடதுக்கும் ஒட்டு உறவே இல்ல, பூச்சில அதுவே நேரடியா தொறக்குற சேனல், ஜி-புரோட்டீன் கதையெல்லாம் அங்க இல்ல. விட்டில் யானைய தேடி வர்றதும் இல்ல, யானை விட்டில தேடி போறதும் இல்ல, அளவும் கூட கலந்திருக்கிறதும் வேற.


தெப்பக்குளம்_மல்லி:

டாக்டர் சார் யானை சூப்பர். நாங்க மூணு தலைமுறையா பூ யாவாரம், எனக்கு ஒரு டவுட்டு, செண்டு கம்பெனிக்கு மல்லி வாங்க வந்த ஒருத்தர் சொன்னாரு மல்லிகை வாசனைக்குள்ள மலத்துல இருக்கிற சரக்கும் கலந்திருக்குன்னு. நான் அடிக்க போயிட்டேன். நெசமாவா? அப்புறம் எங்க கடையில நாள் பூரா உக்காந்தா எங்களுக்கு பூ வாசமே தெரியாது, வர்றவங்கதான் ஆஹான்றாங்க, எங்க மூக்கும் மீனாக்கா அம்மா மாதிரி ஆயிருச்சா?


ஒற்றை_நியூரான்:

மல்லிக்கா நெசம்தான், அவர அடிக்காதீங்க. இண்டோல்னு பேரு. மல்லியில கொஞ்சமா இருக்கும்போது அதுதான் அந்த கிறக்கமான ஆழத்த குடுக்குது, தனியா ஏராளமா மோந்தா கக்கூஸ் வாடை. மூலக்கூறு மாறல, அளவு ஏறுனதும் இன்னும் நாலு ரிசெப்டர் சேந்து அசைய ஆரம்பிச்சுரும், நாலு புள்ளி கூடுதலா சேந்தா கோலமே வேற. சாயங்காலம் வாடுன மல்லிய குப்பையில அள்ளும்போது ஒரு வாடை வரும்ல, அது உங்களுக்கு என்ன விட நல்லா தெரியும்.

ரெண்டாவதுக்கு பயப்பட ஒண்ணுமில்ல. நியூரானுக்குள்ள பாயுதுன்னு சொன்னேனே கால்சியம், அதே கால்சியம்தான் கால்மாடுலின்ங்கிற புரோட்டீன புடிச்சு வந்த கதவ சாத்தவும் சொல்லும். தொடர்ந்து ஒரே வாசனை அடிச்சா "சரி சரி தெரிஞ்சிருச்சு, விடு"ன்னு அடங்கிரும், மூளையிலயும் மேல ஒரு தடவ அடக்குவாங்க. தலையில வச்சிருக்கிறவளுக்கு தெரியாது, பஸ்ல பின் சீட்டுக்காரிக்குத்தான் தெரியும். வெளிய போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்தா திரும்பி வந்துரும்.

ஆனா மீனாக்கா, இதுல ஒரு சின்ன சந்தேகத்தையும் தீத்துக்கணும். லீக் மெதுவா மணிக்கணக்கா இருந்து அம்மா உள்ளயே இருந்திருந்தா மூக்கு பழகிப்போயும் விட்டிருக்கலாம். அதனாலதான் பெருங்காயத்த பத்தி நான் இவ்வளவு யோசிக்கிறேன்.


தாழையூத்து_மீனா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். அடி எதுவும் படல. வைகாசியில குடும்பத்தோட எல்லாருக்கும் காய்ச்சல் வந்துச்சு, டெஸ்ட் எடுக்கல, நாலு நாள்ல சரியாயிருச்சு. அதுக்கு அப்புறம் காபி சப்புனு இருக்குன்னு பால்காரர மாத்துனாங்க, பவுடர மாத்துனாங்க, பில்டரையும் மாத்துனாங்க. யாருக்கும் தோணல.

டெஸ்ட் பண்ணி பாத்தேன். கண்ண மூடச்சொல்லி கிராம்பு நுணுக்கி வச்சேன், "என்னமோ உறைப்பா இருக்கு"ன்னாங்க. தைலம் வச்சேன், சட்டுனு தலைய பின்னால இழுத்துட்டு "தைலம்"னு சொல்லிட்டாங்க. எனக்கு கொழப்பம், அப்ப மூக்கு வேலை செய்யுதா இல்லியா?


ஒற்றை_நியூரான்:

அக்கா, அவங்க தைலத்த மோக்கல, தைலம் குத்துனத உணர்ந்தாங்க. மூக்குக்குள்ள மோப்ப நரம்பு தவிர முகத்தோட பொதுவான தொடு நரம்பும் ஓடுது, ட்ரைஜெமினல்னு பேரு. மென்தால் அதுல ஜில்லுனு குளிர காட்டுற டிஆர்பிஎம்8ங்கிற சேனல தொறக்கும், மோப்பம் சுத்தமா போனவங்களுக்கும் தைலம், வெங்காயம், அம்மோனியா எல்லாம் ஏறும். கிராம்புக்கு வாசனைன்னு சொல்லாம உறைப்புன்னு சொன்னாங்க பாருங்க, அந்த வார்த்தை ரொம்ப முக்கியம், அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கோவிட்ல என்ன தெரிஞ்சுதுன்னா, வைரஸ் பூந்தது நியூரானுக்குள்ள இல்ல, நியூரான தாங்கிப்புடிச்சிட்டு பக்கத்துல நிக்கிற துணை செல்லுக்குள்ள, அதுலதான் வைரஸ் ஒட்டுற ஏஸ்2 புரோட்டீன் இருக்கு. துணை செல் செத்ததும் அக்கம்பக்கம் வீங்கி, நியூரான்கள் ரிசெப்டர் தயாரிக்கிறதையே கொறச்சுக்கிச்சு. வேற காய்ச்சல்லயும் மோப்பம் போறது பழைய விஷயம்தான். தெம்பான சேதி, மோப்ப நியூரான் ஆயுசு பூரா அடியில உள்ள ஸ்டெம் செல்லுல இருந்து புதுசா முளைச்சுட்டே இருக்கும், மெதுவா திரும்பி வர்றவங்க நெறய பேரு. ஜெர்மனில 2009ல ஒரு பயிற்சி முறைய சொன்னாங்க, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், காலையில சாயங்காலம் ரெண்டு வேளை, ஒவ்வொண்ணையும் சில செகண்டு கவனம் வச்சு மோக்கணும், 12 வாரம். நம்ம வீட்ல நீலகிரி தைலம் எப்படியும் இருக்கும். ஆனா முதல்ல இஎன்டி டாக்டர், பாலிப், அதாவது மூக்குக்குள்ள வளர்ற சதை, மாதிரி வேற காரணம் இல்லன்னு அவர் பாத்து சொல்லணும்.

அதுக்கு முன்னால இன்னொரே ஒரு டெஸ்ட். பன்னீர் இருக்கா? ரோஜாவோட ஃபினைல் எத்தில் ஆல்கஹால் அந்த தொடு நரம்ப கிட்டத்தட்ட சீண்டவே சீண்டாது, மோப்ப நரம்புக்கு மட்டும்தான் தெரியும், அதனால டாக்டருங்களே அத வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. வச்சு பாத்துட்டு சொல்லுங்க.


கோமாரி_டாக்டர்:

அம்மா, கேஸ் அலாரம் ஒண்ணு உடனே வாங்குங்க, மேல மாட்டிராதீங்க. சமையல் கேஸ் காத்த விட கனம், தரையோட தவழும். உங்க நாய் வாசல்ல நின்னு அடம்புடிச்சதும் அந்த ஒசரத்துலதான.


தாழையூத்து_மீனா:

அலாரம் மாட்டியாச்சு டாக்டர், தரையில இருந்து ஒரு சாண். புது டியூபும் போட்டாச்சு.

கல்யாண வீட்ல குடுத்த பன்னீர் பாட்டில் இருந்துச்சு, டம்ளர்ல ஊத்தி கண்ண மூடச்சொல்லி மூக்குகிட்ட வச்சேன். ரெண்டு தடவ நல்லா இழுத்து மோந்துட்டு, "தண்ணிதான, குடு, தாகமாத்தான் இருக்கு"ன்னு கைய நீட்டுனாங்க. வியாழக்கிழமை இஎன்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்.